மை இல்லை, ரிப்பன் இல்லை, எழுத்து மட்டும் வருகிறது: தெர்மல் பிரிண்டர் பற்றிச் செட்டிநாட்டுக் கடைத்தெருக் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டுக் கடைத்தெருக்களில் பில் மெஷின், அதாவது சூட்டால் அச்சடிக்கும் தெர்மல் பிரிண்டர், விற்பவர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் வழக்கமாக வந்து விழும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை கடைக்காரர்கள் கேட்பவை. சில, பில்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் பிறகு கேட்பவை. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்றப் பதில்கள் பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மெஷின் வாங்கியாகிவிட்டது. மை எங்கே ஊற்றுவது?

எங்கேயும் இல்லை. ரோலை மாட்டி, மூடியை அழுத்தி மூடி, தாளைத் தள்ளும் ஃபீட் பட்டனைப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் சோதனைச் சீட்டு ஒன்று வந்துவிடும். வாங்கும் செலவு ஒருமுறை, அதன் பிறகு ரோல் செலவு மட்டுந்தான். கடைக்காரர்களுக்கு இந்த மெஷின் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

மை இல்லாமல் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

தாளிலிருந்து. தெர்மல் ரோலின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய பூச்சு உண்டு. அதில் முக்கியமாக மூன்று பொருள்கள். ஒன்று, லூக்கோ சாயம். இது நிறமற்றது, தக்க துணை கிடைத்தால்தான் நிறம் காட்டும். இரண்டு, அந்தத் துணை. லேசான அமிலத் தன்மை கொண்டது, டெவலப்பர் என்பார்கள். மூன்று, சூடு பட்டதும் சட்டென்று உருகி மற்ற இரண்டும் கலப்பதற்கு வழிவிடும் மெழுகு போன்ற பொருள்.

மூன்றும் நுண்பொடிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், ஆனால் கலந்திருக்காது. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. தட்டில் இருக்கும்வரை தாம்பூலம் சிவப்பதில்லை, வாயில் போட்டு மென்றால்தான் சிவக்கிறது. தாளிலும் அதே கணக்குதான். சூடு பட்ட இடத்தில் மட்டும் பொடிகள் உருகிக் கலக்கின்றன, சாயம் டெவலப்பரோடு சேர்ந்து கறுக்கிறது. சூடு படாத இடம் வெள்ளையாகவே இருக்கிறது.

தாள் கருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கருகவில்லை. பூச்சின் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 60, 70 டிகிரி செல்சியஸிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் ஏறினால் முழுக் கறுப்பு. தாள் தீய்வதற்கு அதைவிட வெகு அதிகமான சூடு வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாயமும் டெவலப்பரும் சேர்ந்திருக்கும்வரைதான் கறுப்பு. அவற்றைப் பிரித்துவிட்டால் எழுத்து போய்விடும். எண்ணெய் பிரிக்கும், சில பிளாஸ்டிக் பிரிக்கும், வெயில் சாயத்தையே சிதைக்கும்.

மெஷினுக்குள் சூடு கொடுப்பது எது?

ஹெட் என்று சொல்கிறோமே, அந்தப் பட்டை. பீங்கான் போன்ற ஒரு தகட்டின் மேல், வரிசையாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் சின்னச் சின்னச் சூடேற்றிகள். கடைகளில் உள்ள சாதாரண மெஷின்களில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 சூடேற்றிகள்; அங்குலக் கணக்கில் 203. சின்ன 58 மி.மீ. ரோல் மெஷினில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., ஆக 384 புள்ளிகள். 80 மி.மீ. ரோலில் 72 மி.மீ. அச்சாகும், 576 புள்ளிகள்.

ஹெட் நகராது. தாள்தான் நகரும். கீழே இருக்கும் ரப்பர் ரோலர் தாளை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது; மோட்டார் அதை எட்டில் ஒரு மில்லிமீட்டர் தள்ளுகிறது; அந்த வரிக்கு வேண்டிய புள்ளிகள் மட்டும் சூடேறி ஆறுகின்றன; மறுபடி ஒரு தள்ளு. நொடிக்கு 200 மி.மீ. வேகத்தில் பில் அடிக்கும் மெஷினில் இது நொடிக்கு 1,600 முறை நடக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம்.

அவ்வளவு வேகத்தில் சூடேறியது முழுசாக ஆறாது. போன வரியில் எரிந்த புள்ளி இந்த வரிக்கும் கொஞ்சம் சூட்டோடுதான் வந்து நிற்கும். அதே அளவு மின்சாரம் கொடுத்தால் எழுத்து வழிந்து தடித்துவிடும். அதனால் நல்ல மெஷின்கள் எந்தப் புள்ளி முன் வரியில் எரிந்தது என்று நினைவு வைத்து, அதற்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும். ஹெட்டில் வெப்பத்தை அளக்கும் உணரி ஒன்றும் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையிலும், மார்கழி விடியலில் டீக்கடையிலும் ஒரே மாதிரி எழுத்து வருவது அதனால்தான். மிக மலிவான மெஷின்களில் இந்தக் கணக்கெல்லாம் அரைகுறையாக இருக்கும். பில்லின் மேல் பகுதி வெளிறியும் கீழ்ப் பகுதி தடித்தும் வந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

இதை யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1960களில் நடந்த வேலை. ஒருங்கிணைந்த சுற்றை (ஐ.சி. சிப்பை) உருவாக்கியதற்காக 2000ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பெற்ற ஜாக் கில்பியின் பெயர்தான் தெர்மல் பிரிண்டரோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்த நிறுவனம் 1971இல் கொண்டுவந்த கணினி முனையத்துக்கு ‘சைலன்ட் 700’ என்று பெயர். சுத்தியல் போல அடிக்கும் அந்தக் கால அச்சு இயந்திரங்களுக்கு நடுவில் இது சத்தமில்லாமல் அச்சடித்ததால் அந்தப் பெயர். பிறகு ஃபேக்ஸ் மெஷின்கள் வந்து உலகமெல்லாம் தெர்மல் ரோலைப் பரப்பின. எஸ்.டி.டி. பூத்தில் ஃபேக்ஸ் வாங்கியவர்களுக்கு அந்த வழவழப்பான, சுருண்டுகொள்ளும் தாள் ஞாபகம் இருக்கும்.

ரோல் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தாள் மட்டும் வெள்ளையாகவே வருகிறதே?

ரோலைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். பூச்சு உள்ள பக்கம் ஹெட்டைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறுங்கள். உரசும் சூட்டில் கறுப்புக் கோடு விழுந்தால் அதுதான் பூச்சுப் பக்கம். இரண்டு பக்கமும் விழவில்லை என்றால் கடைக்காரர் சாதாரண தாள் ரோலைக் கொடுத்துவிட்டார்.

எங்களுடையது பலகாரக் கடை. ஒரு வாரத்தில் பில் எழுத்தே போய்விடுகிறது என்கிறார்கள். மெஷினில் கோளாறா?

மெஷின் மேல் பழி போட வேண்டாம். எண்ணெய்.

தேன்குழலும் சீடையும் மணகோலமும் அள்ளிப் போட்ட கையோடு பில்லைக் கிழித்துக் கொடுக்கிறீர்கள். வாங்குகிறவர் அதை அதிரசப் பொட்டலத்தோடு பையில் போடுகிறார். எண்ணெய் பூச்சுக்குள் இறங்கி, சேர்ந்திருந்த சாயத்தையும் டெவலப்பரையும் பிரித்துவிடுகிறது. கறுப்பு மறுபடி நிறமற்றதாகிறது. எண்ணெய் பட்ட விரல் வடிவத்திலேயே எழுத்து மறைந்திருப்பதைப் பல பில்களில் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் கவரும் இதே வேலையைச் செய்யும். பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பசையான பொருள் மெல்லத் தாளுக்குள் ஊறும். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று மிக்ஸி வாரண்டி பில்லைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது அதை அழிக்கும் வழி. காகித உறையில் போட்டு, இருட்டான பெட்டியில் வையுங்கள். செலோடேப்பையும் எழுத்தின் மேல் ஒட்டாதீர்கள்.

கடையில் செய்யக்கூடியது: பில் போடுகிறவர் ஒருவர், பலகாரம் நிறுக்கிறவர் வேறொருவர் என்று பிரித்துவிடுவது நல்லது. ஒருவரே இரண்டும் செய்யும் சின்னக் கடையாக இருந்தால் பக்கத்தில் ஒரு துணி. அதோடு, மேற்பூச்சு உள்ள ரோல் என்று கேட்டு வாங்கலாம். பூச்சுக்கு மேல் இன்னொரு பாதுகாப்புப் படலம் இருக்கும். விலை கூடுதல்தான். பில்லைப் பல நாள் வைத்திருக்க வேண்டிய சரக்கு விற்பவர்களுக்குக் கட்டுப்படியாகும், பத்து ரூபாய் முறுக்குக்கு வேண்டியதில்லை.

பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஒருமுறை மெஷினில் பதிந்து வைத்துவிட்டால் தானே வந்துகொண்டிருக்கும்.

கார் டேஷ்போர்டில் வைத்த சீட்டு முழுக்கக் கறுத்துவிட்டது. எண்ணெய் படவில்லையே?

அது நேர் எதிர்க் கோளாறு. மூடிய காரின் டேஷ்போர்டு நம் ஊர்க் கோடையில் எளிதாக 70 டிகிரியைத் தொடும். தாளைப் பொறுத்தவரை அது ஹெட்டின் சூடு மாதிரியேதான், எல்லா இடத்திலும் அச்சாகிவிடுகிறது. சட்டைப் பையில் பில்லை மறந்து இஸ்திரி போட்டாலும் இதுதான். கை கழுவும் சானிடைசர் பட்டாலும் கறுக்கலாம், அங்கே ஆல்கஹால் பூச்சைக் கரைத்துப் பொருள்களைக் கலக்கவிடுகிறது.

பலகார டப்பாவில் ஒட்டும் ஸ்டிக்கருக்கும் இதே மெஷின் போதுமா?

கடையிலேயே இரண்டு நாளில் விற்றுப்போகும் பொட்டலத்துக்குப் போதும். எடை மெஷினிலிருந்தே வரும் விலைச் சீட்டு எல்லாம் இந்த ரகம்தான். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற டப்பாவுக்குப் போதாது.

அதற்கு இருப்பது தெர்மல் டிரான்ஸ்ஃபர். ஹெட் அதே மாதிரிதான். ஆனால் ஹெட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் ஒரு ரிப்பன் ஓடும். சூடு பட்ட இடத்தில் ரிப்பனில் இருக்கும் மை உருகி லேபிளில் ஒட்டிக்கொள்ளும். லேபிளில் ரசாயனப் பூச்சு தேவையில்லை, வெறும் காகிதமோ பிளாஸ்டிக்கோ துணியோ போதும். எழுத்து வெயிலுக்கும் சூட்டுக்கும் மசியாது.

ரிப்பன் மூன்று ரகம். மெழுகு ரிப்பன் மலிவு, காகித லேபிளுக்குச் சரி, நகத்தால் தேய்த்தால் கொஞ்சம் வரும். மெழுகும் பிசினும் கலந்தது நடுத்தரம். முழுப் பிசின் ரிப்பன் விலை அதிகம், பிளாஸ்டிக் லேபிளோடு சேர்த்தால் எண்ணெய்க்கும் அசையாது. பலகார டப்பாவுக்கு நடுத்தர ரகத்துக்குக் கீழே இறங்காதீர்கள். காலாவதித் தேதி அழிந்த டப்பாவை விற்றுவிட்டு யாரிடமும் விளக்கம் சொல்ல முடியாது.

கண்டாங்கிச் சேலை விற்பவர்களுக்கும் இதே பதில். சேலையில் தொங்கும் விலை அட்டை மாதக்கணக்கில் ஷோரூம் வெளிச்சத்தில் கிடக்கும், அதனால் டிரான்ஸ்ஃபர். துவைக்கும் முறையை அச்சடித்துத் தைக்கும் துணிப் பட்டைக்குப் பிசின் ரிப்பன் இல்லாமல் நடக்காது. நகையில் கட்டும் வால் போன்ற சின்ன விலைச் சீட்டுக்கும் (வால் டேக்) அப்படியே. முனீஸ்வரன் கோயில் வீதியில் பழம்பொருள் விற்பவர்கள் கேட்டால் மட்டும் என் பதில் வேறு: ஒரு எனாமல் தூக்கு நான்கு வருஷம் கூட அலமாரியில் உட்கார்ந்திருக்கலாம், விலையும் அடிக்கடி மாறும், அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.

கூரியர் பார்சலில் ஒட்டும் 4க்கு 6 அங்குல லேபிள் மட்டும் ரிப்பன் இல்லாத ரகம். அது சில நாள் தாங்கினால் போதும்.

கல்யாண மொய்க்கு லேப்டாப்பும் பில் மெஷினும் வைக்கிறோம். அந்தச் சீட்டு எத்தனை வருஷம் நிற்கும்?

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இப்போது இது சாதாரணம். பந்தல் வாசலில் மேசை, ஒரு பையன் பெயர், ஊர், தொகை தட்டச்சு செய்கிறான், ‘டர்’ரென்று சீட்டு வருகிறது, மொய் வைத்தவர் அதை வாங்கிக்கொண்டு பந்திக்குப் போகிறார். வரிசையும் நகர்கிறது, கூட்டலும் தப்பாது. அந்தச் சீட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ‘உங்கள் பணம் பதிவாகிவிட்டது’ என்று சொல்வதுதான் அதன் வேலை, அது அன்றைக்கே முடிந்துவிடுகிறது.

வில்லங்கம் வேறு இடத்தில். விசேஷம் முடிந்ததும் சிலர் மொத்தப் பட்டியலையும் அதே மெஷினில், முழம் முழமாக, ஒரு ரோலில் அடித்துச் சுருட்டி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டியது. இன்றைக்கு ஆயிரம் வைத்தவர் வீட்டுப் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பதினைந்து வருஷம் கழித்து வரலாம். அன்றைக்கு அலமாரியைத் திறந்தால் வெள்ளைச் சுருள் இருக்கும். நல்ல தெர்மல் தாளுக்கே, குளிர்ச்சியும் இருட்டுமாக வைத்தால் ஐந்து முதல் ஏழு வருஷம் என்றுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நம் வீட்டு மாடி அறை, மே மாதம், அந்த நிபந்தனையில் சேராது.

பழைய வீடுகளில் கிடைக்கும் ஓலைகளில் எழுத்து இன்றும் படிக்க முடிகிறது என்றால் காரணம், எழுத்தாணியால் கீறிய பிறகு தடவுவது விளக்குக் கரி. கரி என்பது கார்பன். வெளிச்சத்தில் வெளிறாது, எண்ணெயில் பிரியாது. லேசர் பிரிண்டரின் கறுப்புத் தூளிலும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் ரிப்பனின் கறுப்பிலும் இருப்பதும் கார்பன்தான். பில் ரோலில் இருப்பது மட்டும் சாயம். பேரேடு எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மொய்ப் பட்டியலை ஏ4 தாளில் லேசரில் எடுத்து பைண்டு பண்ணச் சொல்லுங்கள், கணினிக் கோப்பின் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மொய் மென்பொருள் வைத்திருப்பவர் இதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம்.

ஈசிஜி எடுத்த தாளும் தெர்மல்தானா? அப்பாவுடையதை லேமினேட் பண்ணி வைக்கலாமா?

தெர்மல்தான். லேமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். லேமினேஷன் மெஷினின் உருளைகள் 100 டிகிரிக்கு மேல் சூடானவை. உள்ளே போவது இதயத் துடிப்பு, வெளியே வருவது கறுப்பு அட்டை.

ஈசிஜி மெஷினில் கோடு வரைவதும் இதே சூடுதான். தாள் வழக்கமாக நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகரும், அதனால் சிவப்புக் கட்டங்களில் ஒரு சின்ன மில்லிமீட்டர் கட்டம் என்றால் 0.04 நொடி. மருத்துவர் கட்டங்களை எண்ணித் துடிப்பின் வேகம் சொல்வது அப்படித்தான். சில வருஷம் கழித்துப் புது ஈசிஜியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மருத்துவருக்கு மிகவும் உதவும், ஆகவே பழையது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ், ஒரு மொபைல் படம். ஜெராக்ஸ் மெஷினில் தாள் உள்ளே போகாமல் கண்ணாடி மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கர்ப்பகால ஸ்கேனில் தரும் பளபளப்பான படமும் பெரும்பாலும் இதே இனம். குழந்தை பெரியவனானதும் காட்ட ஆசை இருந்தால் இன்றே படம் பிடித்துவிடுங்கள்.

வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

ஏ.டி.எம். சீட்டு, ஸ்வைப் மெஷின், பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, வங்கியில் டோக்கன், அரசுப் பேருந்து நடத்துனர் இடுப்பில் தொங்கும் டிக்கெட் மெஷின், திருச்சி, மதுரை விமான நிலையத்தில் பெட்டியில் சுற்றும் பட்டை. வங்கிப் பாஸ்புக் மட்டும் இதில் சேராது. அதை வரி வரியாகக் கிர்ரென்று அடிப்பது, ஊசியால் ரிப்பனைக் குத்தி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ். பாஸ்புக் பல வருஷம் நிற்க வேண்டியது, ஆகவே அது சரியான தேர்வு.

பலர் கவனிக்காத இடம் வாக்குச்சாவடி. வாக்குப்பதிவு இயந்திரத்தோடு வைக்கும் விவிபாட் பெட்டிக்குள் இருப்பது தெர்மல் பிரிண்டர். பட்டனை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 வினாடி கண்ணாடி வழியே தெரியும், பிறகு அறுந்து உள்ளே விழும். 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது, சிவகங்கைக்கும் சேர்த்துத்தான். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் சீட்டுகளைக் கறுப்புக் காகித உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்கள். இந்தத் தாளுக்கும் வெளிச்சத்துக்கும் ஆகாது என்று தெரிந்தால் அந்தக் கறுப்பு உறை ஏன் என்று புரிந்துவிடும்.

மெஸ் நடத்துகிறோம். கல்லாவில் ஒன்று, சமையல்கட்டில் ஆர்டர் சீட்டுக்கு ஒன்று என்று இரண்டு தெர்மல் வாங்கலாமா?

கல்லாவுக்குத் தெர்மல். சமையல்கட்டில் யோசியுங்கள். அடுப்புப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்த சீட்டு சூட்டில் மங்கலாகக் கறுக்கும், எண்ணெய்த் தெறிப்பில் மறையும். இரண்டும் சேர்ந்தால் உப்புக்கண்டமா உக்காரையா என்று மாஸ்டர் கத்திக் கேட்க வேண்டிவரும். சமையல்கட்டுக்கென்றே ரிப்பன் போட்டு ஊசியால் அடிக்கும் சின்ன டாட் மேட்ரிக்ஸ் மெஷின்கள் 76 மி.மீ. ரோலில் வருகின்றன. சத்தம் போடும். இரைச்சலான சமையல்கட்டில் அந்தச் சத்தமே ஆர்டர் வந்ததற்கு அறிகுறி, அதையும் ஒரு வசதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, பார்சல் கட்டும் மேசையில் வைப்பதாக இருந்தால் தெர்மலே போதும்.

பில்லில் தமிழ் வரவில்லை, கேள்விக்குறியாக வருகிறது. மெஷினை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், ஆப்பை மாற்ற வேண்டும்.

பில் மெஷின்கள் பெரும்பாலானவை எப்சன் நிறுவனம் வகுத்த ஒரு கட்டளைத் தொகுதியைத்தான் பேசுகின்றன. இந்த எழுத்தை அடி, இதைத் தடிமனாக்கு, தாளை வெட்டு என்று. எழுத்தாக அனுப்பினால் மெஷினுக்குள் பதிந்திருக்கும் எழுத்துருவிலிருந்து எடுத்து அடிக்கும். அதில் ஆங்கிலம் இருக்கும், ஐரோப்பிய எழுத்துகள் இருக்கும், சீனமும் பல மெஷின்களில் இருக்கும். தமிழ் இருப்பது அபூர்வம். ‘கொ’ என்ற ஒரே எழுத்துக்கு முன்னும் பின்னும் உறுப்புகள் வைத்து அடுக்கும் வேலையும் அந்தச் சின்ன மெஷினுக்குத் தெரியாது.

வழி என்னவென்றால், மொபைலோ கணினியோ பில் முழுவதையும் ஒரு படமாக வரைந்து, 384 அல்லது 576 புள்ளி அகலத்தில் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். படம் என்றால் மெஷினுக்கு மொழி பேதம் கிடையாது. ப்ளூடூத் மெஷினில் இது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். வாங்கும்போதே உங்கள் கடைச் சரக்குப் பட்டியலிலிருந்து ‘வெள்ளைப் பணியாரம்’, ‘தேன்குழல்’ என்று இரண்டு வரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி வந்தால் அந்த ஆப் வேண்டாம்.

எழுத்துக்கு நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு விழுகிறது.

அந்த இடத்தில் புள்ளி எரியவில்லை. அழுக்கா, செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மெஷினை அணைத்து, ஹெட் ஆறும்வரை பொறுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். காய்ந்த பிறகு போடுங்கள். கோடு போனால் அழுக்கு. போகாவிட்டால் சூடேற்றி செத்துவிட்டது, ஹெட் மாற்றத்தான் வேண்டும். பிளேடு, சாவி, சேஃப்டி பின் எதையும் ஹெட் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ஹெட்டின் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்வார்கள், 50, 100 என்று. ஒரு பில் 15 செ.மீ., நாளைக்கு 300 பில் என்றால் 45 மீட்டர். 50 கி.மீ. ஓட ஆயிரத்து நூறு நாளுக்கு மேல் ஆகும், மூன்று வருஷம். சொரசொரப்பான மட்ட ரோல் இதைப் பாதியிலேயே தேய்த்துவிடும். பில் தலையில் பெரிய கறுப்புக் கட்டமாக லோகோ போடுவதும் ஹெட்டுக்கு வீண் உழைப்பு.

பில் தாளைத் தொடுவது கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

முழுக்கப் பொய் இல்லை, ஆனால் பீதி கிளப்புகிற அளவுக்கும் இல்லை. டெவலப்பராக வெகுகாலம் பயன்பட்டது பிஸ்பீனால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ. உடலின் ஹார்மோன்களோடு குறுக்கிடும் பொருள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 2 முதல் தெர்மல் தாளில் எடையில் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அதற்குப் பதிலாக வந்த பிபிஎஸ் என்ற பொருளின் மேலும் அதே மாதிரிச் சந்தேகம் உண்டு. தாளில் இது ஒட்டிப் பிணையாமல் தூளாக இருப்பதால் விரலில் ஏறும். சானிடைசரோ கிரீமோ தடவிய கையில் இன்னும் சுலபமாகத் தோலுக்குள் போகும்.

எப்போதாவது பில் வாங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்கக் கல்லாவில் பில் கிழிப்பவர், அதிலும் கர்ப்பமாக இருப்பவர், கவனிக்கலாம்: சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பிஸ்பீனால் இல்லாத ரோல் கேட்டு வாங்குவது. பில்லை முறுக்குப் பொட்டலத்துக்கு உள்ளே செருகும் பழக்கம் மட்டும் வேண்டாம், வெளியே பின் அடியுங்கள். குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். பழைய பேப்பர்க் கட்டோடும் சேர்க்காதீர்கள், மறுசுழற்சித் தாள் முழுவதற்கும் அந்த ரசாயனம் பரவும்.

சரக்கு வாங்கிய பில் மங்கிவிட்டது. ஜிஎஸ்டிக்கு அதைக் காட்ட வேண்டுமே?

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்தரக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம். மொத்த வியாபாரி தெர்மல் பில் கொடுத்தால் அன்றே ஸ்கேன் செய்வது, அல்லது பில்லை மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது தவிர வேறு வழியில்லை.

ஏற்கெனவே மங்கியதை முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, மொபைலிலேயே கறுப்பு வெள்ளை வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து பல நேரம் தெரியும். முழுக்க மறைந்த சில பில்களில், முடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்து லேசாகச் சூடு காட்டினால் பின்னணி கறுத்து எழுத்து வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. ஒருமுறைதான் செய்ய முடியும், திரும்ப வராது. படம் எடுக்காமல் அதில் இறங்காதீர்கள்.

ரோலில் சொன்ன நீளம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரித்து அளக்க வேண்டாம், தராசு போதும். 80 மி.மீ. அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் பரப்பு 4 சதுர மீட்டர். அட்டையில் 55 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் 55 கிராம். தாள் மட்டும் 220 கிராம் இருக்க வேண்டும். 48 ஜி.எஸ்.எம். ரோல் என்றால் 192 கிராம். நடுவில் இருக்கும் குழலின் எடையைத் தீர்ந்துபோன ரோலிலிருந்து எடுத்து நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன மெஷினின் 57 மி.மீ., 15 மீட்டர் ரோலுக்கு 55 ஜி.எஸ்.எம். கணக்கில் 47 கிராம் வரும். குழலை வேண்டுமென்றே பெரிதாக வைத்து, வெளியே பார்க்கப் பருமனாகத் தெரியும் ரோல்கள் சந்தையில் நிறைய. பெட்டியோடு வாங்கும்போது ஒன்றை எடுத்துக் கடைத் தராசிலேயே வைத்துப் பாருங்கள். பத்து இருபது கிராம் குறைந்தால் விலையைப் பேசலாம், ஐம்பது கிராம் குறைந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.